சொல் தெரிந்தால் போதுமா? ஸ்க்ராபிள் பலகைக்குள் ஒளிந்திருக்கும் கணக்கு

ஸ்க்ராபிளில் தோற்றவர் சொல்லும் சமாதானம் பெரும்பாலும் ஒன்றுதான்: "எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் வராதுப்பா." கேட்பவர்களும் தலையாட்டிவிடுவார்கள். சொல்லை வைத்து ஆடும் ஆட்டம், சொல் நிறையத் தெரிந்தவர் ஜெயிக்கிறார், இதில் என்ன சந்தேகம்?

சந்தேகத்தைக் கிளப்பியவர் நைஜல் ரிச்சர்ட்ஸ். நியூசிலாந்துக்காரர், மலேசியாவில் வசிப்பவர், ஆங்கில ஸ்க்ராபிளில் பலமுறை உலகச் சாம்பியன். 2015-இல் பெல்ஜியத்தில் நடந்த பிரெஞ்சு மொழி ஸ்க்ராபிள் உலகப் போட்டியில் கலந்துகொண்டு பட்டத்தை வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேச வராது. போட்டிக்கு முன் சுமார் 9 வாரம் பிரெஞ்சு ஸ்க்ராபிள் அகராதியை மனப்பாடம் செய்தார், அவ்வளவுதான். 2024-இல் ஸ்பெயினின் கிரனடா நகரில் இதே வேலையை ஸ்பானிய மொழியிலும் செய்து காட்டினார்.

சொல்லின் பொருள் இந்த ஆட்டத்துக்குத் தேவையே இல்லை என்பது இதிலிருந்து புரிகிறது. அகராதி என்பது இங்கே அனுமதிக்கப்பட்ட எழுத்து வரிசைகளின் பட்டியல் மட்டுமே. சரி, பட்டியல் முழுவதும் தலைக்குள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதாவது ஆட்டம் எளிதாகிவிடுமா? கணினி அறிவியலில் இந்தக் கேள்விக்குத் துல்லியமான ஒரு பதில் உண்டு. ஆனால் அது என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்பதைப் பிரித்துப் பார்க்காவிட்டால் தப்பாகப் புரிந்துகொள்ள நிறைய வாய்ப்பு இருக்கிறது.

முதலில் ஆட்டத்தின் எலும்புக்கூடு. அமெரிக்காவில் 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த கட்டடக் கலைஞர் ஆல்ஃப்ரெட் மோஷர் பட்ஸ் உருவாக்கியது இது. எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று செய்தித்தாள் பக்கங்களை வைத்துக்கொண்டு எண்ணினார். 'இ'-க்கு 12 காய், 'க்யூ'-வுக்கு ஒன்றே ஒன்று என்ற கணக்கு அப்படி வந்ததுதான். (எழுத்து பொறித்த அந்தச் சின்னச் சதுரக் கட்டையை இங்கே காய் என்றே சொல்லிவிடுகிறேன்.) எஸ் போட்டுப் போட்டுப் பன்மையாக்கித் தப்பித்துவிடக் கூடாது என்று எஸ்-ஐ 4 காயோடு நிறுத்தினார். 1948-இல் ஜேம்ஸ் புருனோ என்பவர் ஸ்க்ராபிள் என்று பெயர் மாற்றிச் சந்தைக்குக் கொண்டுவந்தார். 15-க்கு 15 என்று 225 கட்டங்கள், மொத்தம் 100 காய், அதில் 2 வெற்றுக்காய் (எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளலாம்), ஒவ்வொருவர் கையிலும் 7 காய், மிச்சம் பைக்குள். முறை வரும்போது கையில் உள்ள காய்களைப் பலகையில் வைத்துச் சொல் அமைத்துப் புள்ளி சேர்க்க வேண்டும்.

100 காயிலிருந்து 7 காயை எடுக்க 1,600 கோடிக்கும் அதிகமான வழிகள் உண்டு. ஒரே எழுத்துள்ள காய்களை ஒன்றாகக் கருதினால் இது 31,99,724 வெவ்வேறு கைகளாகச் சுருங்கும். முதல் கையிலேயே ஓர் உயிரெழுத்துக் காய்கூட வராமல் விழிப்பது ஏறக்குறைய 53 ஆட்டத்துக்கு ஒரு தடவை நடக்க வேண்டும். எனக்கு மட்டும் அடிக்கடி நடப்பதுபோலத் தோன்றுவது கணிதத்தின் குற்றமில்லை.

இந்தப் பெரிய எண்களைக் காட்டி "பார்த்தீர்களா, எவ்வளவு சிக்கல்!" என்று முடித்துவிடுவது எளிது. ஆனால் எண் பெரிது என்பதாலேயே கணக்கு கடினமாகிவிடாது. 20 இலக்க எண்கள் இரண்டைப் பெருக்கும்போது விடை பிரம்மாண்டமாகத்தான் வருகிறது. வேலை என்னவோ பள்ளிக்கூடத்துப் பெருக்கல்தான். ஸ்க்ராபிளில் எந்த இடத்தில் வேலை உண்மையிலேயே கனக்கிறது என்பதுதான் பார்க்க வேண்டியது.

இப்போது உங்கள் முறை. பலகை கண்முன் இருக்கிறது, கையில் 7 காய். மிக அதிகப் புள்ளி தரும் சொல் எது? மனிதருக்கு இது தலைவலி. கணினிக்கு எவ்வளவு வேலை என்று மேலோட்டமாகக் கணக்குப் போடுவோம். 7 காயும் வேறு வேறு என்றால் அவற்றில் சிலதையோ எல்லாவற்றையுமோ வரிசைப்படுத்த 13,699 வழிகள். ஆரம்பிக்கும் கட்டம் எது, இடமிருந்து வலமா, மேலிருந்து கீழா என்பதற்கு அதிகபட்சம் 450 தேர்வுகள். பெருக்கினால் 61 லட்சத்துச் சொச்சம். வெற்றுக்காய் இருந்தால் இன்னும் கூடும். இத்தனையையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாலும் இன்றைய மடிக்கணினி அலட்டிக்கொள்ளாது. மூளையே இல்லாத வழி இது. நல்ல வழி 1988-லேயே வந்துவிட்டது.

ஆண்ட்ரூ அப்பெல், கை ஜேகப்சன் இருவரும் அந்த ஆண்டு வெளியிட்ட முறை, அகராதியைப் பட்டியலாக வைக்காமல் ஒரு பின்னலாக மாற்றுகிறது. தமிழிலேயே பார்க்கலாம். படகு, படம், படி மூன்றுக்கும் தொடக்கம் ஒன்று. அதை ஒரு தடவை எழுதி அப்புறம் கிளை பிரித்தால் போதும். பட்டம், வட்டம், கட்டம், சட்டம், மட்டம் எல்லாவற்றுக்கும் முடிவு ஒன்று. கிளைகளைக் கடைசியில் மறுபடி ஒரே பாதையில் கொண்டுவந்து சேர்த்துவிடலாம். இப்படித் தலையையும் வாலையும் பகிர்ந்துகொண்டால் பல்லாயிரம் சொற்கள் சின்ன இடத்துக்குள் அடங்கும். இன்னொரு வசதியும் உண்டு. 'ப'-வுக்குப் பிறகு 'ங' வைத்தால் எந்தச் சொல்லுக்கும் பாதை இல்லை என்று தெரிந்த கணமே அந்தக் கிளையை விட்டுவிடலாம். மீதிக் காய்களை அடுக்கிப் பார்க்க வேண்டியதில்லை. 1994-இல் ஸ்டீவன் கார்டன் இதை மாற்றி, சொல்லின் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் நீளும் பின்னலைக் கொண்டுவந்தார். இடம் பல மடங்கு கூடுதலாக எடுக்கும், வேகமும் கூடும்.

ஆக, ஆங்கில ஸ்க்ராபிளின் காலின்ஸ் பட்டியலில் (2019 பதிப்பு) உள்ள 2,79,496 சொற்களும் கணினிக்கு ஒரு பொருட்டே இல்லை. நாம் எதைக் கடினம் என்று நினைத்து "எனக்கு வராது" என்கிறோமோ, அது இந்த ஆட்டத்தின் சுலபமான பாதி. இந்த முறை எதை வைத்தால் புள்ளி அதிகம் என்பது தீர்ந்துபோன கணக்கு.

ஆனால் புள்ளி அதிகம் தரும் சொல்லே சிறந்த நகர்வு என்று யார் சொன்னது? ஆட்டம் முடியும் தறுவாயில், எதிராளி கையில் க்யூ மாட்டிக்கொண்டிருக்கிறது. அதை இறக்கப் பலகையில் ஒரே ஓர் இடம்தான். நீங்கள் 30 புள்ளிக்கு ஒரு சொல் வைக்கலாம். அல்லது 12 புள்ளிக்கு ஒரு சின்னச் சொல்லை வைத்து அந்த இடத்தை அடைத்துவிடலாம். அடைத்தால் எதிராளிக்கு க்யூ-வால் வரவேண்டிய புள்ளி போயிற்று. ஆட்டம் முடியும்போது கையில் தங்கிய க்யூ-வால் மேலும் 20 புள்ளி வித்தியாசம் உங்கள் பக்கம் சாயும். 12-தான் சரி. ஆனால் இந்த 12-ஐத் தேர்ந்தெடுக்க, நான் இதைச் செய்தால் அவர் என்ன செய்வார், அதற்கு நான் என்ன செய்வேன், அப்புறம் அவர் என்ன செய்வார் என்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். கனம் கூடுவது இங்கேதான்.

இந்தப் பகுதியை எடுத்து ஆராய்ந்தவர்கள் மிக்கேல் லாம்பிஸ், வாலியா மிட்சு, கரோலினா சோல்டிஸ் ஆகிய மூவர். 2012-இல் அவர்கள் காட்டியது இது: அதிர்ஷ்டத்தை நீக்கிவிட்ட ஸ்க்ராபிள் 'பி-ஸ்பேஸ் நிறைவு' என்ற வகையைச் சேர்ந்தது. விளையாட்டுகளின் கணிமைச் சிக்கலை (தீர்க்கக் கணினிக்கு எவ்வளவு வேலை பிடிக்கும் என்பதை) நெடுநாளாக ஆராய்ந்துவரும் எரிக் டெமைனும் ராபர்ட் ஹெர்னும் விடையில்லாமல் விட்டிருந்த கேள்வி அது.

அதிர்ஷ்டத்தை எப்படி நீக்குவது? பையிலிருந்து எந்த வரிசையில் காய்கள் வரும் என்பதை முன்கூட்டியே இரண்டு பேருக்கும் சொல்லிவிடுவது. எதிராளியின் கையும் திறந்தே கிடக்கிறது. அகராதி இருவருக்கும் அத்துப்படி. மறைப்பதற்கு எதுவும் இல்லை. இப்போது கேள்வி: முதலில் ஆடுபவரால் நிச்சயமாக ஜெயிக்க முடியுமா?

இன்னொரு மாற்றமும் செய்ய வேண்டும். 15-க்கு 15 பலகையில் 100 காயோடு ஆடும் ஆட்டம் எவ்வளவு பிரம்மாண்டமானாலும் முடிவுள்ளது. பிரபஞ்சத்தின் ஆயுள் போதாவிட்டாலும், எல்லா வழிகளையும் எழுதி ஒரு பெரிய அட்டவணை போட்டுவிட முடியும் என்று கோட்பாட்டாளர் சொல்லிவிடுவார். கடினத்தை அளக்க வேண்டுமானால் அளவு வளர வேண்டும். அதனால் பலகையை எத்தனைக்கு எத்தனை வேண்டுமானாலும் பெரிதாக்கலாம், காய்களையும் அதற்கேற்பக் கூட்டலாம் என்று வைத்துக்கொண்டு, அளவு கூடக்கூட வேலை எந்த வேகத்தில் கூடுகிறது என்று பார்க்கிறார்கள். தெருமுனைக் கடைக்குப் போகும் தூரத்தை வைத்துச் சைக்கிளா காரா எது வேகம் என்று சொல்ல முடியாது. சென்னையிலிருந்து மதுரை வரை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

பி-ஸ்பேஸ் நிறைவு என்றால் என்ன? ஒரு கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இலையில் என்னென்ன பரிமாறுவது என்பதைப் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் மாறி மாறி முடிவு செய்கிறார்கள். பாயசம் உண்டா இல்லையா என்று பெண் வீட்டார் சொல்ல வேண்டும். வடை உண்டா இல்லையா என்று மாப்பிள்ளை வீட்டார். அப்பளம் மறுபடி பெண் வீட்டார். விருந்தாளி ஒவ்வொருவருக்கும் ஒரு நிபந்தனை: "பாயசம் இருக்கணும், இல்லாட்டி வடை இருக்கக் கூடாது, இல்லாட்டி அப்பளமாவது இருக்கணும்" என்கிற மாதிரி. மூன்றில் ஒன்று நிறைவேறினாலும் அவர் திருப்தியாக எழுந்துபோவார். எல்லா விருந்தாளியும் திருப்தியடைய வேண்டும் என்பது பெண் வீட்டாரின் கவலை. ஒருவராவது முகம் சுளிக்க வேண்டும் என்பது மாப்பிள்ளை வீட்டாரின் ஆசை. (கொஞ்சம் மிகைதான், சில பந்திகளைப் பார்த்தால் மிகையாகவும் தெரியவில்லை.) மாப்பிள்ளை வீட்டார் என்ன செய்தாலும் பெண் வீட்டார் சமாளிக்க ஒரு வழி இருக்கிறதா?

40 பதார்த்தம் இருந்தால் ஒரு லட்சம் கோடிக்கும் மேற்பட்ட இலைகள். எந்தப் பந்திக்கும் வேகமாக விடை சொல்லிவிடும் குறுக்குவழி எதையும் இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. "எனக்கு ஒரு நகர்வு இருக்கிறது, அதற்கு நீ எதைச் செய்தாலும், மறுபடி எனக்கு ஒரு நகர்வு இருக்கிறது, அதற்கும் நீ எதைச் செய்தாலும்..." என்று அடுக்கிக்கொண்டே போகும் இந்த வடிவம்தான் பி-ஸ்பேஸின் முத்திரை. லாம்பிஸ் குழுவினர் நிரூபித்தது, எந்தப் பந்திக் கணக்கைக் கொடுத்தாலும் அதை ஒரு ஸ்க்ராபிள் பலகையாக மாற்றிவிடலாம் என்பதை. பெண் வீட்டார் ஜெயிக்கும் பந்தி என்றால் முதல் ஆட்டக்காரர் ஜெயிக்கும் பலகை, இல்லையென்றால் இல்லை. ஸ்க்ராபிளை வேகமாகத் தீர்க்கும் முறை ஒன்று உங்களிடம் இருந்தால், அதே முறை பந்தியையும், பி-ஸ்பேஸில் உள்ள மற்ற எல்லாக் கணக்குகளையும் வேகமாகத் தீர்த்துவிடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் வேறு. ஸ்க்ராபிள் ஆட்டக்காரர் ஒவ்வொரு முறையும் இரண்டு முடிவு எடுக்கிறார்: எந்தச் சொல், எந்த இடம். இந்த இரண்டில் ஏதாவது ஒன்றே போதும், ஆட்டம் இந்த அளவு கடினமாகிவிடும் என்கிறது அந்த ஆய்வு. கையில் ஒரே சொல்தான் அமையும், அதை மேலே வைப்பதா கீழே வைப்பதா என்ற தேர்வு மட்டும் இருந்தாலும் சரி. இடம் ஒன்றுதான், எந்தச் சொல் என்பது மட்டும் தேர்வு என்றாலும் சரி. அகராதியும் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. பலகை மட்டும் வளர்ந்தால் போதும்; எழுத்துகளின் எண்ணிக்கை, அகராதி, கையில் உள்ள காய்கள் எல்லாம் ஒரு குறிப்பிட்ட அளவிலேயே நின்றாலும் கடினம் குறையாது. "எனக்கு வார்த்தை தெரியாது" என்ற சமாதானம் இந்த இடத்தில் செல்லாக்காசாகிறது.

தமிழில் ஆடினால் 247 எழுத்து, அதனால் இன்னும் கடினமாகிவிடாதா என்று சிலருக்குத் தோன்றலாம். கையாளும் சிரமம் கூடும், மறுப்பதற்கில்லை. உயிர்மெய்க்கு ஒரு காய் என்று செய்தால் பைக்குள் பொருத்தமான காயே அகப்படாது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என்று 31 வகைக் காயாகப் பிரித்தால் பலகையில் படிக்கக் கண் கட்டும். 'வீட்டிலிருந்தவர்களுக்கும்' போல ஒட்டிக்கொண்டே போகும் சொற்களை அகராதி ஏற்குமா என்ற சண்டை தனி. ஆனால் கணிமைச் சிக்கலுக்கு இவை எதுவும் பொருட்டில்லை. 26, 31, 247 எல்லாமே நிலையான எண்கள். பலகை வளரும்போது அவை வளர்வதில்லை.

இனி இந்த முடிவின் எல்லைகள். பி-ஸ்பேஸ் என்ற பெயரிலேயே இடம் என்ற சொல் இருக்கிறது. நேரம் எவ்வளவு போனாலும் போகட்டும், கணினியின் நினைவகம் நியாயமான அளவுக்குள் இருந்தால் போதும் என்பது பொருள். ஸ்க்ராபிள் அதற்குள் அடங்கக் காரணம் எளிது: வைத்த காயை யாரும் திரும்ப எடுப்பதில்லை. ஒரு சொல் வைத்தால் குறைந்தது ஒரு காய் தீர்கிறது. ஆகவே ஆட்டத்தின் நீளம் காய்களின் எண்ணிக்கையை ஒட்டியே நிற்கும். ஒரு வழியைக் கடைசிவரை போய்ப் பார்த்து, திரும்பி வந்து, அடுத்த வழியைப் பார்க்கலாம். நடந்து வந்த பாதையை மட்டும் நினைவில் வைத்தால் போதும். சதுரங்கத்தில் அப்படியில்லை. குதிரை முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருக்கலாம். பெரிதாக்கிய பலகையில் ஆட்டம் கற்பனைக்கு எட்டாத நீளத்துக்கு இழுக்கும். அதனால் பொதுமைப்படுத்திய சதுரங்கம் 'எக்ஸ்ப்-டைம் நிறைவு' (பலகை வளர வளரத் தீர்க்கும் நேரம் மடங்கு மடங்காக எகிறும் வகை) என்று ஃப்ரேங்கலும் லிக்டன்ஸ்டைனும் 1981-இல் காட்டினார்கள். ஒதெல்லோ, ஹெக்ஸ் போலக் காய் வைத்துக்கொண்டே போகும் ஆட்டங்கள் ஸ்க்ராபிளோடு பி-ஸ்பேஸ் பந்தியில் உட்கார்ந்திருக்கின்றன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பெரிய பலகைச் சதுரங்கத்துக்கு வேகமான முறை கிடையாது என்பது நிரூபணமான உண்மை. ஸ்க்ராபிளுக்கு அப்படி அடித்துச் சொல்ல முடியாது. பி-ஸ்பேஸ் கணக்குகள் எல்லாவற்றுக்கும் வேகமான வழி ஒன்று இருக்கவே முடியாது என்பதை இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை. இருக்காது என்று ஏறக்குறைய எல்லாரும் நம்புகிறார்கள், அவ்வளவுதான். "ஸ்க்ராபிளைக் கணினியால் தீர்க்கவே முடியாது என்று நிரூபித்துவிட்டார்கள்" என்று யாராவது எழுதினால், இரண்டு படி தாண்டிக் குதித்துவிட்டார் என்று அர்த்தம்.

அதிர்ஷ்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தால்? பையைக் குலுக்கி எடுக்கும் காய், எதிராளி எதிர்க் காய் வைப்பதுபோலத்தான். ஒரே வித்தியாசம், பைக்கு உங்கள்மேல் பகை கிடையாது. இயற்கையையே எதிராளியாக வைத்து ஆடும் ஆட்டங்களை 1985-இல் ஆராய்ந்த கிறிஸ்டோஸ் பாபாதிமித்ரியூ, அவையும் பி-ஸ்பேஸ் அளவுக்குக் கடினம் என்று காட்டியிருக்கிறார். ஆக, குலுக்கல் வந்ததாலேயே கணக்கு இளகிவிடுவதில்லை.

நடைமுறையில் கணினிகள் இந்தச் சுவரில் முட்டிக்கொள்வதில்லை, சுற்றிப் போகின்றன. பிரையன் ஷெப்பர்ட் எழுதிய மேவன், ஜேசன் கட்ஸ்-பிரவுனும் ஜான் ஓலாஃப்லினும் உருவாக்கிய குவாக்கிள் ஆகிய நிரல்கள் நல்ல நகர்வுகள் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. எதிராளிக்கு ஏதோ ஒரு கையைக் குலுக்கிக் கொடுத்து, இரண்டு மூன்று முறை முன்னோக்கி ஆடிப் பார்த்து, சராசரி எடுக்கின்றன. வைத்ததுபோகக் கையில் எஞ்சும் காய்களுக்கும் மதிப்பு போடுகின்றன. எஸ்-உம் வெற்றுக்காயும் எஞ்சினால் நல்லது, இரண்டு வி எஞ்சினால் கஷ்டம். 2006-இல் டொரண்டோவில், முன்னாள் உலகச் சாம்பியன் டேவிட் பாய்ஸை குவாக்கிள் 3–2 என்று வென்றது. மனிதரை வெல்வதும் ஆட்டத்தைத் தீர்ப்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிட எடுப்பான உதாரணம் கிடைக்காது. தோற்றவர் இரண்டு ஆட்டம் ஜெயித்திருக்கிறார் பாருங்கள்.

பை காலியாகக் காலியாக நிஜ ஆட்டம் எப்படி மாறுகிறது என்பதும் பார்க்க வேண்டிய கணக்கு. முதல் கையை எடுத்துப் பார்த்த கணத்தில், எதிராளியின் 7 காய் உங்களுக்குத் தெரியாத 93-க்குள் ஒளிந்திருக்கிறது: ஏறக்குறைய 947 கோடி சாத்தியங்கள். தேர்ந்த ஆட்டக்காரர்கள் வெளிவந்த காய்களை ஒரு சீட்டில் அடித்துக்கொண்டே வருவார்கள். பையில் 7 மிச்சம் இருக்கும்போது தெரியாதவை 14, சாத்தியங்கள் 3,432. பையில் 2 என்றால் 36. பையில் ஒரே காய் என்றால் 8. கடைசிக் காயும் போனதும் எதிராளியின் கை அப்படியே உங்கள் சீட்டில் இருக்கிறது, உங்கள் கை அவர் சீட்டில். லாம்பிஸ் குழுவினர் எடுத்துக்கொண்ட திறந்த ஆட்டம் அந்த நிமிடத்தில்தான் மேசைக்கு வந்து சேர்கிறது. க்யூ-வை அடைப்பதா, 30 புள்ளியை எடுப்பதா என்று இரண்டு பேரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.